கதை கரையேறிய துறை: லிட்டனின் நாவலும் பிரம்மஞான சபையும் தூத்துக்குடிக் கரையும்

2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 3,90,127 பேர் தங்கள் மதம் ‘ஜெடாய்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் வீரத் துறவிகளின் பெயர் அது. பெரும்பாலோருக்கு அது விளையாட்டு. 2021இல் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 1,600க்குச் சுருங்கிவிட்டது. விளையாட்டாகக் கொள்ளாதவர்களும் உண்டு. ராபர்ட் ஹைன்லைன் 1961இல் எழுதிய ஒரு நாவலில் ‘எல்லா உலகங்களின் சபை’ என்று ஒரு சபை வரும். மறு வருடமே அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இருவர் அதே பெயரில், அதே நீர்ப் பகிர்வுச் சடங்கோடு ஒரு சபையைத் தொடங்கினார்கள். 1968இல் அது சட்டப்படி பதிவானது. இத்தகைய சமயங்களை ஆராய்ந்த ஆடம் பொசமாய், மார்கஸ் டேவிட்சன் போன்றோரின் கவனம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் மேற்குலகில் நிற்கிறது.

கதையிலிருந்து சமயம் பிறப்பது அதற்கு முன்பே நிகழ்ந்தது. அப்படிப் பிறந்த பிரம்மஞான சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றில் இன்றும் இருக்கிறது. அது தமிழ்நாட்டுக்குள் வந்த முக்கிய வழிகளில் ஒன்று தூத்துக்குடித் துறைமுகம். ஓர் ஆங்கில நாவலின் சட்டகம் இங்கே எப்படி வேர்பிடித்தது, அதற்கு உரமாக இந்த மண் எதைக் கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சங்கிலியின் முதல் கண்ணி ஜெர்மனியில் இருக்கிறது. 1614இல் காசெல் நகரில் பெயரில்லாத சிறுநூல் ஒன்று அச்சாயிற்று. ரோஜா சிலுவைச் சகோதரர்கள் என்னும் ஞானியர் கூட்டம் உலகத்தின் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிறது என்றது அந்நூல். படித்தவர்கள் ஐரோப்பா முழுவதும் அவர்களைத் தேடினார்கள். அந்த வரிசையைச் சேர்ந்த மூன்றாவது நூலை, இளவயதில் செய்த வேடிக்கை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார் யோஹான் வாலன்டைன் ஆந்த்ரேயே என்ற பாதிரியார். அதற்குள் வேடிக்கை கைமீறிப் போயிருந்தது. அந்தச் சகோதரர்களின் பெயரைச் சொல்லிச் சங்கங்கள் முளைத்தன.

இந்த நம்பிக்கையை மறுபடியும் கதையாக்கியவர் எட்வர்ட் புல்வர் லிட்டன் (1803–1873). விக்டோரியா கால இங்கிலாந்தில் டிக்கன்ஸுக்கு அடுத்து அதிகம் விற்றவர்களில் ஒருவர். இன்று அவரைப் படிப்பார் இல்லை. 1842இல் வந்த ‘ஸனோனி’ அவருடைய நாவல்களில் விசித்திரமானது. பழைய சால்தேய நாட்டில் பிறந்து பல நூற்றாண்டுகளாக மூப்பில்லாமல் வாழும் ஸனோனி, ஓர் இசைநாடகப் பாடகியைக் காதலித்துச் சாகாவரத்தை இழந்து, பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக்கருவியில் உயிர் விடுகிறான். அவனுடைய கூட்டத்தில் எஞ்சிய மற்றொருவன் மெஜ்னூர், பற்றற்ற கிழவன். ஞானம் தேடிவரும் கிளிண்டன் என்ற இளைஞன் அவசரப்பட்டுத் தீட்சையின் வாசற்படியில் காத்திருக்கும் கொடும் பூதத்தை எழுப்பிவிடுகிறான். கதையைவிட முன்னுரை நமக்கு முக்கியம். புத்தகக் கடையில் பழக்கமான முதியவர் ஒருவர் சங்கேத எழுத்தில் அமைந்த கையெழுத்துப் படியை விட்டுச்செல்கிறார், அதைப் பாடுபட்டுப் பெயர்த்ததே இந்நூல் என்கிறான் கதைசொல்லி. யாரும் பார்க்காத மூலம், ஒருவர் மட்டும் படிக்கத் தெரிந்த எழுத்து, மறைந்து வாழும் குருமார், படிப்படியான தீட்சை ஆகிய நான்கும் இந்த நாவலில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

ரஷ்யப் பெண்மணி ஹெலனா பிளாவட்ஸ்கி இந்த நாவலை ஆழ்ந்து படித்தவர். கர்னல் ஆல்காட், வில்லியம் ஜட்ஜ் முதலியோருடன் அவர் 1875 நவம்பரில் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கினார். 1877இல் வந்த அவருடைய ‘திரை விலகிய ஐசிஸ்’, பூத கணங்களை லிட்டனைவிட உண்மையாக வருணித்தவர் இல்லை என்ற பொருள்பட ‘ஸனோனி’யைப் புகழ்கிறது. நாவலாசிரியர் அங்கே சாட்சியாக நிற்கிறார். லிட்டனின் ‘வரப்போகும் இனம்’ (1871) பாதாளத்தில் வாழும் மக்களையும் அவர்கள் கையாளும் ‘வ்ரில்’ என்ற சக்தியையும் கற்பனை செய்தது. பிளாவட்ஸ்கி அந்தச் சக்திக்கும் உண்மையில் இடம் கொடுத்தார். (அதே சொல்லின் வாலை ஒட்டித்தான் இங்கிலாந்தில் ‘போவ்ரில்’ என்ற மாட்டிறைச்சிச் சாறு விற்பனைக்கு வந்தது. ஒரே கற்பனை ஒரு பக்கம் ஞானமாகவும் மறு பக்கம் சமையலறைப் புட்டியாகவும் ஆயிற்று.)

லில்யெக்ரென் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1957இல் வெளியிட்ட ஆய்வு, ‘ஐசிஸ்’ நூலுக்கு லிட்டனின் நாவல்கள் எவ்வளவு கடன் கொடுத்தன என்று விரிவாகக் காட்டியது. பால் ஜான்சன் 1994இல் வேறு வழியில் போனார். தமக்கு மறைவாக வழிகாட்டுவதாகப் பிளாவட்ஸ்கி சொன்ன மகாத்மாக்கள் வெறும் கற்பனை அல்லர், அவர் சந்தித்த உண்மை மனிதர்களின் முகமூடிகள் என்பது ஜான்சனின் வாதம். இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முகங்கள் யாருடையவை ஆனாலும், அவை மாட்டப்பட்ட சட்டகம் நாவலில் இருந்து வந்தது.

இனி இந்தியா. பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் 1879 பிப்ரவரியில் பம்பாயில் இறங்கியபோது இங்கே வைஸ்ராயாக இருந்தவர் ராபர்ட் லிட்டன், நாவலாசிரியரின் மகன். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது டெல்லியில் தர்பார் நடத்தியவர் என்றே நம் சரித்திரம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ரஷ்ய உளவாளியோ என்ற சந்தேகத்தில் அவருடைய அரசின் போலீஸ் பிளாவட்ஸ்கியைப் பின்தொடர்ந்தது. தகப்பனாரின் வாசகியை மகனின் அரசு வேவு பார்த்திருக்கிறது!

தூத்துக்குடி இந்தக் கதைக்குள் வருவது இலங்கை வழியாக. 1880 மே மாதம் காலியில் இருவரும் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார்கள். மறு வருடம் அக்டோபரில் ஆல்காட் சிங்களப் பௌத்தர் சிலரை அழைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து இறங்கினார். அங்கிருந்து திருநெல்வேலி சென்று, நெல்லையப்பர் கோயில் வளாகத்தில் நட்பின் அடையாளமாக ஒரு தென்னங்கன்றை நட்டார்கள். இந்த வழி தற்செயல் அன்று. 1876இலேயே தூத்துக்குடி ரயிலால் சென்னையோடு இணைந்துவிட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை, கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே போகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் துறையில்தான் கப்பல் ஏறி இறங்கினார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் போனதும் இவ்வழியே. 1893 நவம்பர் 16 அன்று, பின்னாளில் சபையின் தலைவரான அன்னி பெசன்ட் இந்திய மண்ணில் முதல் அடி வைத்ததும் தூத்துக்குடியில்தான். 

1882 டிசம்பரில் சபை அடையாறு ஆற்றங்கரைத் தோட்டத்துக்குக் குடிவந்தது. மகாத்மாக்களின் கடிதங்கள் அங்கே ஒரு மாடத்தில் தோன்றின. அந்த மாடம் எப்படி வேலை செய்தது என்று வீட்டைக் கவனித்துவந்த கூலோம் தம்பதியர் வெளிப்படுத்த, 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் அதை அச்சிட்டது. மறு வருடம் லண்டன் மனோவியல் ஆய்வுக் கழகத்துக்காக விசாரித்த ரிச்சர்ட் ஹாட்சன் எல்லாம் மோசடி என்றார். அதே கழகத்தின் இதழிலேயே 1986இல் வெர்னன் ஹாரிசன் ஹாட்சனின் முறையைக் கடுமையாகக் குறை கூறினார். நம் கேள்விக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. மோசடி என்று அச்சான பிறகும் சபை தமிழ்நாட்டில் வளர்ந்ததே, அதுதான் விளக்கம் கேட்கிறது.

விளக்கத்தின் ஒரு பாதி ஓலைச்சுவடியில் இருக்கிறது. 1888இல் லண்டனில் வெளியான பிளாவட்ஸ்கியின் ‘ரகசிய தத்துவம்’, நீரும் நெருப்பும் தீண்டாதபடி பதப்படுத்திய பனையோலைச் சுவடி ஒன்றைக் காட்டித் தொடங்குகிறது. அதன் மொழி வேறு யாருக்கும் தெரியாத ‘சென்சார்’. ‘ஸனோனி’ முன்னுரையின் சங்கேதப் படி கீழ்த்திசை உடை உடுத்தி வந்திருக்கிறது என்று ஐரோப்பிய வாசகர் எளிதில் கண்டுகொள்ளலாம். தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டு வேறு மாதிரியானது. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். 1892இல் சிலப்பதிகாரம் வந்தது. தொலைந்துபோனது என்று எண்ணிய நூல் ஏதோ மடத்துப் பரணில் இருந்து உண்மையாகவே எழுந்துவந்த காலம் அது. இன்னும் ஓர் ஓலை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

மறு பாதி பொதிகையில் இருக்கிறது. மறைந்து வாழும் மூப்பில்லாத குருமார் என்பது லண்டன் வாசகருக்குப் புதுச் சரக்கு. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவருக்கு அகத்தியர் இன்னும் பொதிகையில் இருக்கிறார் என்பது பாட்டி சொன்ன சேதி. சதுரகிரிச் சித்தர்கள் பௌர்ணமியில் நடமாடுவார்கள் என்பது மலையேறுகிறவர்களின் அன்றாடப் பேச்சு. பிரம்மஞானிகள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். இந்தியாவின் ஆன்மிகப் பொறுப்பு அகத்திய ரிஷியிடம் இருக்கிறது, தம் அரசியல் வேலைக்கும் கட்டளை அவரிடமிருந்தே வந்தது என்று பெசன்ட் நம்பினார். மெஜ்னூரின் இருக்கையில் அகத்தியர் வந்து அமர்ந்த பிறகு தையல் எங்கே இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? சித்தர் மரபு லிட்டனுக்கு மிக மிக முற்பட்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சித்தர்களை ஒரு சபையாக, தரவரிசையோடு, கடிதம் எழுதுபவர்களாக நினைக்கும் பழக்கம் புதியது. இன்றைய ஆசிரம வெளியீடுகள் பலவற்றில் வரும் ‘சித்தர் சபை’யில் அடையாற்றின் சாயல் இருப்பதாகவே நான் கணிக்கிறேன்.

தையலைப் பார்த்தவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். எட்டயபுரத்து பாரதி, புதுச்சேரியில் இருந்தபோது 1914இல் ஆங்கிலத்தில் பொன்வால் நரி பற்றிய நையாண்டிக் கதை ஒன்றை எழுதினார். பிறகு அதைத் தமிழிலும் கொடுத்தார். பொன்வாலைக் காட்டி மற்ற நரிகளை மயக்கும் அந்த நரி பெசன்ட் அம்மையார்தான் என்பது அன்றைய வாசகருக்குச் சொல்லாமலே தெரியும். சபை உலக குருவாக வளர்த்த ஜே. கிருஷ்ணமூர்த்தியை மீட்கத் தகப்பனார் நாராயணய்யா தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அதே ஆண்டு பெசன்டுக்குச் சாதகமாக முடிந்தது. நாவலில் பிறந்த சமயத்தை எதிர்க்க பாரதி கட்டுரையை விட்டுக் கதையைக் கையில் எடுத்தது கூர்மையான தேர்வு.

1911இல் சிறுவன் கிருஷ்ணமூர்த்தி லண்டன் வந்தபோது தாய்போல அரவணைத்தவர் எமிலி லட்யன்ஸ். புதுடெல்லியைக் கட்டிய எட்வின் லட்யன்ஸின் மனைவி. வைஸ்ராய் லிட்டனின் மகள். அதாவது ‘ஸனோனி’ எழுதியவரின் பேத்தி. 1910இல் சபையில் சேர்ந்து, அதற்காக ஊர் ஊராகப் பேசி, குடும்பத்தின் கசப்பையும் தாங்கினார். பாட்டனார் காசுக்கு விற்ற கற்பனைக்குப் பேத்தி வாழ்க்கையைக் கொடுத்தார் என்று சொன்னால் மிகையாகாது. 1929 ஆகஸ்டு 3 அன்று ஹாலந்தின் ஓமன் முகாமில் கிருஷ்ணமூர்த்தி தம்மை மையமாக வைத்து அமைந்த நட்சத்திரச் சங்கத்தைத் தாமே கலைத்தார். எமிலியும் சபையை விட்டு விலகினார்.

கதை அத்தோடு முடியவில்லை. கிளை ஒன்று தமிழுக்குள் தனியாக ஓடிற்று. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் உறவுடைய விலங்குகள் காணப்படுவதை விளக்க, பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் லெமூரியா என்ற மூழ்கிய நிலத்தைக் கருதுகோளாக வைத்தார். ‘ரகசிய தத்துவம்’ அதில் மனிதரின் மூன்றாம் மூல இனத்தைக் குடியேற்றியது. பிரம்மஞானி ஸ்காட் எலியட் 1904இல் அதற்குப் படங்களே வரைந்து கொடுத்தார். ஆழிப்பேரலை கொண்ட பஃறுளியாற்று நாட்டின் நினைவு தமிழில் முன்பே இருந்தது. லெமூரியா அதன்மேல் வந்து பொருந்தி, குமரிக்கண்டம் என்று பேசப்பட்டது. கா. அப்பாதுரையாரின் குமரிக்கண்ட நூல் புவியியலாரின் கருத்தோடு பிரம்மஞானிகளின் கூற்றையும் துணைக்கு அழைத்தது. 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் தமிழக அரசே குமரிக்கண்டம் பற்றி ஆவணப்படம் எடுத்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் 1912இல் சொன்ன கொள்கை நிலைபெற்றதும் புவியியலில் லெமூரியாவுக்கு வேலையில்லாமல் போயிற்று. மேடைத் தமிழில் அதற்கு ஓய்வில்லை. சுமதி ராமசாமி 2004இல் எழுதிய நூல் இந்தப் பயணத்தை முழுமையாகச் சொல்கிறது.

கடல்கொண்ட நாடு பற்றிய இந்தப் பேச்சுக்கு எதிரே, தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள ஆத்தூரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தாமிரபரணி கடலில் சேரும் கழிமுகம் இது. வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பெயர்போன மண். பாலம் தாண்டி முக்காணிப் பக்கம் போனால் பாண்டியரின் முத்துத் துறை கொற்கை, இன்று கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே. மார்க்கோ போலோ கண்ட காயல் கொற்கைக்குப் பின் எழுந்து அதுவும் தூர்ந்தது. இரண்டையும் தோண்டிப் பார்த்த பேராயர் கால்டுவெல், ஆற்று வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனதால் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே நகர்ந்தன என்று எழுதினார். அவருடைய திருநெல்வேலிச் சரித்திரம் வெளியான ஆண்டும் 1881. ஆல்காட் தூத்துக்குடியில் இறங்கிய அதே ஆண்டு. இந்தக் கரையில் கடல் நிலத்தை விழுங்கவில்லை, நிலம்தான் கடலைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. கொற்கைத் துறை அழிந்ததற்கான சான்று வயலுக்கு அடியில் சங்கும் சிப்பியுமாகக் கிடக்க, அதே ஊர் மேடைகளில் கடல்கோளைத்தான் பேசுகிறார்கள். கால்டுவெல்லின் விளக்கத்தில் மகாத்மாக்கள் இல்லை, மூழ்கிய மாடங்கள் இல்லை. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் வரும் சேறு மட்டுமே இருக்கிறது. அதற்கு ஒரு நாவலாசிரியர் கிடைக்கவில்லை.