கொள்கைகள் பிரியும் இடம்: இராமன் விளைவும் விஞ்ஞானச் சோதனையின் இயல்பும்

காணப்பட்ட உண்மைகளோடு பொருந்தி வருவதே ஒரு விஞ்ஞானக் கொள்கையின் மெய்ம்மைக்குப் போதிய பிரமாணம் என்னும் எண்ணமும், மாறான முடிவு ஒன்று கிடைத்த மாத்திரத்தில் அக்கொள்கை வீழ்ந்துவிடும் என்னும் எண்ணமும் கற்றோரிடையேயும் வழங்கிவருகின்றன. இவ்விரண்டும் குறைபாடுடையவை. ஒரே நிகழ்ச்சிக்குக் காரணம் கூறும் இரு கொள்கைகள் எந்த விளைவில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றனவோ, அவ்விளைவைத் தேடிக் கண்டு ஆராய்வதே சோதனையின் உயிர்நிலை. சி. வி. இராமனும் அவருடன் உழைத்தவர்களும் 1921 முதல் 1928 வரை நடத்திய ஒளிச்சிதறல் ஆராய்ச்சியைக் கொண்டு இதனை நிறுவ முயல்வோம்.

ஆழ்கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்பது ராலே பிரபுவின் அபிப்பிராயம். தெளிந்த வானத்தின்கீழ்க் கடல் நீலமாகத் தோன்றுவது அதற்கு அனுகூலமான சாட்சியே; ஆயினும் நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கொண்டாலும் அத்தோற்றம் அவ்வாறே இருக்குமாதலால், கடலை எத்தனை முறை நோக்கினும் ஐயம் தீராது. 1921இல் இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ கப்பலில் திரும்பிய இராமன், மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி முற்றிலும் தளவிளைவுறும் கோணத்தில் கடலை நோக்கி, அவ்வொளியை நிகோல் பட்டகத்தால் தடுத்துப் பார்த்தார். ராலேயின் கருத்து மெய்யாயின் நீலம் மறைந்திருக்க வேண்டும்; அதுவோ முன்னினும் செறிந்து விளங்கிற்று.

அடுத்த கட்டம் இதனினும் நுட்பமானது. 1923இல் இராமனுடன் உழைத்த கே. ஆர். இராமநாதன், ஒரு நிறவடிகட்டியின் வழியே திரவத்துள் செலுத்திய சூரிய ஒளியை, அந்நிறத்தை அறவே தடுக்கவல்ல மற்றொரு வடிகட்டியின் வழியே நோக்கியபோதும், மங்கிய ஒளி எஞ்சி நிற்பதைக் கண்டார். திரவத்தில் கலந்துள்ள மாசின் ஒளிர்தலே அது என்று கருதுவது அன்றைய அறிவுக்கு முற்றிலும் இசைந்ததாயிருந்தது. திரவங்கள் மீண்டும் மீண்டும் தூய்மை செய்யப்பட்டன. எச்ச ஒளியோ நீங்கவில்லை. இதனால் மாசுக் கொள்கை பொய்ப்பட்டதா எனின், தர்க்க முறைப்படி பொய்ப்படவில்லை என்றே கூறவேண்டும். தூய்மை இன்னும் போதவில்லை என்று சொல்வதற்கு எப்பொழுதும் இடமுண்டன்றோ?

ஆகவே, பிரியும் இடத்தை வேறு திசையில் தேட வேண்டியிருந்தது. 1928இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சுமார் 60 திரவங்களில் அவ்வொளியைக் கண்டனர். இத்துணை வெவ்வேறு பொருள்களிலும் ஒரே தன்மையதான மாசு ஒளிந்திருத்தல் நம்பத்தக்கதன்று. மேலும், பல திரவங்களில் அவ்வொளி, சாதாரணச் சிதறலுக்கு ஒப்பாகத் தளவிளைவுற்றிருந்தது. ஒளிர்தலிடம் இத்தன்மையை எதிர்பார்க்க இயலாது. பிப்ரவரி 28ஆம் நாளை அடுத்து, திரவத்தில் சிதறிய பாதரச விளக்கின் ஒளியை நிறமாலைகாட்டியால் ஆராய்ந்தபோது, மூல வரிகளுக்கு அப்பால் புதிய வரிகள் கூர்மையாகத் தோன்றின. ஒளிர்தலாயின், படும் ஒளியை மாற்றினும் வெளிப்படும் பட்டை தன் இடத்திலேயே நிற்கும். இப்புதிய வரிகளோ மூல வரி நகரத் தாமும் நகர்ந்து, இடையிலுள்ள அதிர்வெண் வேறுபாட்டை மாறாது காத்தன. அவ்வேறுபாடு மூலக்கூறுகளின் அகச்சிவப்பு அதிர்வுகளோடு ஒத்திருந்தமையால், மூலக்கூறுகளே ஒளியை நிறம் மாற்றிச் சிதறடிக்கின்றன என்னும் எதிர்க்கொள்கை அளவிடத்தக்கதும் ஆயிற்று. இந்நிகழ்ச்சியே இராமன் விளைவு.

இராமனைத் தூண்டியது காம்ப்டன் விளைவின் உவமையேயன்றிச் சோதனை அன்று என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். உவமை தூண்டியது உண்மை. ஆனால் காம்ப்டன் கண்டது எக்ஸ் கதிர் எலக்ட்ரானோடு மோதுவதை. ஈண்டு ஆற்றலைப் பெறுவதும் தருவதும் மூலக்கூற்றின் அதிர்வாகும். உவமை முழுதும் பொருந்தாதபோதும் கொள்கை நிலைத்ததே, பிறப்பித்தது ஒன்று, உறுதிப்படுத்தியது மற்றொன்று என்பதற்குச் சான்று. அவ்வாண்டிலேயே மாஸ்கோவில் லான்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே நிகழ்ச்சியைத் தனித்துக் கண்டமை, அதன் காரணம் கல்கத்தாவின் திரவங்களில் இருந்த மாசு அன்று என்பதை மேலும் வலியுறுத்திற்று.

இந்நோக்கில், தோற்ற கொள்கையையும் இகழ்வதற்கில்லை. மாசுக் கொள்கை ஒரு செயலை விதித்தது. அச்செயலை ஆராய்ச்சியாளர் நேர்மையுடன் முற்றச் செய்தனர். அக்கொள்கையைக் காப்பதற்கென்றே தூய்மை செய்யப்பட்ட திரவங்கள், 1928இல் அதன் எதிர்க்கொள்கைக்கு வலுவான சாட்சிகளாயின. ஒரு விளக்கம் எவ்வளவு விளக்குகிறது என்பதோடு நில்லாது, தன் போட்டிக் கொள்கையினின்று எவ்விடத்தில் பிரிகிறது என்பதையும் சொல்லவல்லதாயின், அது தோற்றாலும் அறிவை வளர்த்தே தோற்கும்.