திரும்ப அழைக்கும் கடிதம்

போன ஆனி மாதம் என் தங்கை மகன் பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போகிற வழியில் நம் வட்டத்துக்குள் வந்து வண்டியை நிறுத்தினான். சின்ன லோடு வண்டி. வயது பதினொன்று. மூன்றாம் கையாக வாங்கியது. காபி குடித்துக்கொண்டே, “மாமா, ஒரு யோசனை கேட்கணும்” என்றான்.

விஷயம் இதுதான். வண்டியை முதன்முதலில் வாங்கியவர் விருத்தாசலத்துக்காரர். அவர் வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. பிரேக்குக்குப் போகும் வாக்குவம் ஹோஸில் குறை இருக்கக்கூடும், வண்டியைக் கொண்டுவந்தால் செலவில்லாமல் மாற்றித் தருகிறோம் என்று. அவர் இரண்டாவது ஆளுக்குச் சொல்லி, இரண்டாவது ஆள் அதைப் படம் எடுத்து இவனுக்கு அனுப்பி, எல்லாமாக நான்கு மாதம் ஓடிவிட்டது.

“பத்து வருஷத்துக்கு மேல ஓடியாச்சு மாமா. பிரேக் ஒரு நாளும் காலை வாரினதில்லை. அங்கே கொண்டுபோனா ஒரு நாள் வாடகை போச்சு. இலவசம்னு கூப்பிட்டு, அது சரியில்லை இது சரியில்லைன்னு பில் போடுவான். நான் மூணாவது ஆள் வேற. எனக்குச் செய்வானா?”

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் டயம் கொடு என்றேன். ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்குக் கோப்பு கிடைத்தால் விடுவானா? படித்துப் பார்த்ததை நண்பர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ரீகால் என்பதை பிரெஞ்சில் ‘ரப்பெல்’ என்பார்கள். அதே சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. நாடகம் முடிந்து திரை விழுந்த பிறகு ஜனங்கள் கைதட்டி நடிகர்களைத் திரும்ப மேடைக்கு அழைப்பது ரப்பெல். குழந்தைக்கு இரண்டாம் தவணை போடும் ஊசி ரப்பெல். அலுவலகத்தில் பதில் வராத கடிதத்துக்கு நாம் அனுப்புகிற நினைவூட்டும் ரப்பெல்தான். அந்த மொழியில் இந்தச் சொல்லில் அவமானம் எதுவும் இல்லை. நம் ஊரில்தான் கம்பெனிக்காரர் இந்தச் சொல்லுக்கு வெகு காலம் கூச்சப்பட்டார்கள். 2010-இல் சில நானோ கார்கள் தீப்பிடித்தபோது, டாடா நிறுவனம் எல்லா நானோக்களுக்கும் கூடுதல் பாதுகாப்பு உதிரிகளை இலவசமாகப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. ஆனால் இது ரீகால் அல்ல என்று சேர்த்துச் சொன்னது.

இந்த வழக்கத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது அமெரிக்கா. 1965-இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் கார்களின் ஆபத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிப் பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். அடுத்த ஆண்டே, 1966-இல், வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறை தெரிந்தால் கம்பெனி, வண்டியை முதலில் வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும் என்றது சட்டம். கவனியுங்கள், தெரிவித்தால் போதும். இலவசமாகச் சரிசெய்தும் தர வேண்டும் என்ற கட்டாயம் 1974-இல் வந்த திருத்தத்தில்தான் சேர்ந்தது.

‘முதலில் வாங்கியவர்’ என்ற இடத்தில் என் கண் நின்றது. தபால் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ‘விலாசதாரர் குடிபெயர்ந்துவிட்டார்’ என்று திரும்பி வந்த உறைகளைக் கட்டுக் கட்டாகப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். வண்டி கை மாற மாற, கடிதத்துக்கும் வண்டிக்கும் தூரம் கூடிக்கொண்டே போகும். பழைய வண்டிக்குத்தான் கடிதம் அதிகம் தேவை. அதற்குத்தான் கடிதம் போய்ச் சேருவதில்லை.

இதற்கு டகாட்டா கதையே சாட்சி. அது ஜப்பானிய ஏர்பேக் கம்பெனி. பையை ஊதுவதற்கு அவர்கள் பயன்படுத்திய ரசாயனம் அம்மோனியம் நைட்ரேட். சுரங்கத்தில் பாறை வெடிக்கப் பயன்படும் சரக்கு, நெய்வேலிக்காரர்களுக்குப் புதிதல்ல. வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டு அது தரம் கெட்டுப்போகிறது. விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, தன் உலோகக் கூட்டையே உடைத்து, துண்டுகளை ஓட்டுநர் மேல் எறிகிறது. புது வண்டியில் ஆபத்து குறைவு. வயது ஏற ஏறக் கூடும். புழுக்கமான ஊரில் இன்னும் கூடும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளை அழைக்க வேண்டியதாயிற்று. 2017-இல் கம்பெனி திவாலானது. அதே ஆண்டு ஜனவரியில் இந்தியாவிலும் ஹோண்டா 41,580 கார்களை இதற்காக அழைத்தது.

அதில் ஒரு லாரிக் கதை உண்டு. ஃபோர்டு ரேஞ்சர் என்ற பிக்கப் வண்டி, 2006 மாடல். 2015 டிசம்பரில் தென் கரோலினாவில் ஒருவர் இந்த ஏர்பேக்கால் இறந்தார். 2017 ஜூலையில் மேற்கு வர்ஜீனியாவில் இன்னொருவர். இரண்டு வண்டிகளின் ஏர்பேக் ஊதுகருவியும் ஒரே நாளில் தயாரானவை. இரண்டாவது வண்டிக்கு 2016-இலேயே அழைப்பு வந்திருந்தது. வேலைதான் நடக்கவில்லை. 2018 ஜனவரியில், சுமார் 2,900 வண்டிகளை இனி ஓட்டவே வேண்டாம், வீட்டுக்கே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றது கம்பெனி. அந்த இரண்டாவது மனிதரும் ‘இத்தனை வருஷம் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று நினைத்தாரோ, கடிதமே கைக்கு வரவில்லையோ.

நம் நாட்டில் 2012-இல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக முன்வந்து அழைப்பதற்கு ஒரு நெறிமுறை வகுத்தது. மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் 1.14 லட்சம் டவேரா வண்டிகளை, புகை அளவு விஷயத்தில், திரும்ப அழைத்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அரசே கட்டாயப்படுத்தி அழைக்க வைக்கலாம், ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்த விதிகள் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். ரப்பர் ஏழு வருடத்தோடு நிற்கிறதா என்ன? அதனால், பழைய வண்டிக்குக் கம்பெனி தானாகக் கூப்பிட்டால், அதைத் தட்டிக் கழிப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை என்று எனக்குப் பட்டது.

மருமகனிடம் சொன்னேன். “உன் பெயரைப் பார்த்துக் கூப்பிடவில்லையடா, சேஸிஸ் நம்பரைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது ஆளோ முப்பதாவது ஆளோ, வண்டி அதே வண்டிதான். முன்கூட்டியே போன் செய்து நம்பரைச் சொல்லி உறுதி செய்துகொள். பலா சீசன் முடியட்டும் என்று தள்ளாதே, பாரம் ஏற்றும்போதுதான் பிரேக் வேண்டும். வேறு வேலை சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிடு.”

போனான். அரை நாளில் முடிந்தது. கழற்றிய ஹோஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து காட்டினான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற குறை என்றால் கடிதம் எதற்கு?

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அன்றிரவு ஒன்று நினைவுக்கு வந்து தூக்கம் போய்விட்டது. சில வருடங்களுக்கு முன் என் வீட்டுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. நான் விற்றுவிட்ட பழைய காருக்கு. ‘வண்டிதான் நம்முடையது இல்லையே’ என்று பிரித்ததும் மேசை இழுப்பறையில் போட்டவன் நானேதான். தபால் பிரிவுக்காரன்!

காலையில் எழுந்து தேடினேன். கடிதம் இருந்தது. வாங்கியவர் கையெழுத்திட்ட படிவம் 29-இன் நகலும் இருந்தது. அதிலிருந்த போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. விலாசத்துக்கு, கடிதத்தோடு ஒரு மன்னிப்பும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஒப்புகை அட்டை இன்னும் வரவில்லை. தினமும் தபால்காரரைக் கேட்கிறேன். நீங்களும் உங்கள் இழுப்பறையை ஒரு முறை பாருங்கள்.