நீர்நசையும் துவக்கும்

பெரும்பாணாற்றுப்படையைப் பாடங்கேட்ட நாள்களில் நாம் விரைந்து கடந்துபோன பகுதியொன்றுண்டு. வானம் பொய்த்த காலம். மானின் அடிகள் பதிந்து கிடக்கும் காட்டுவழி. நீர்வேட்கையால் நள்ளிரவில் வரும் காட்டுப்பன்றியை எதிர்நோக்கி, எயினர் தோண்டிய குழியினுள் ஒடுங்கியிருக்கின்றனர். அவ்வேட்டை வாய்க்காவிடின் பகலில் நாய்களோடு சென்று முயல் பிடிக்கின்றனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதனைப் புகழவுமில்லை, பழிக்கவுமில்லை. ஆனால், எயிற்றியர் இரும்புப்பூண் கட்டிய கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்ப்பதையும், கிணற்றடியில் சிறிதே ஊறிய உவர்நீரைக் கொண்டு அதனைச் சமைப்பதையும் அவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறார். பன்றியை நீருக்கு அலையவைத்த அதே கோடைதான், அதனைக் கொல்லக் காத்திருப்பவன் வீட்டில் உவர்நீர் உலையை ஏற்றியது. உவர்க்கிணறு இன்னதென்று யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு எவரும் உரையெழுதிக் காட்டவேண்டியதில்லை.

வேட்டையில் விலங்கைத் தேடிச் செல்வது ஒரு முறை. விலங்கு தன் பசியாலோ தாகத்தாலோ தானாகவே வந்துசேரும் இடத்தில் மறைந்திருந்து கொல்வது மற்றொரு முறை. பின்னதில் இரையை மனிதனே வைப்பதுமுண்டு. இயற்கை வைத்த இரையருகே மனிதன் போய் அமர்வதுமுண்டு. ஆனையிறவைக் கடந்து வன்னிக்குட் புகுந்தவர்கள் இரண்டாவதனை நன்கறிவர். வைகாசிக்குப் பின்னர் சிறு மோட்டைகள் வற்றிப்போக, எஞ்சிய நீரைச் சுற்றிக் காடு முழுவதும் கூடும். மானும் மரையும் வரும். அவற்றின் பின்னே சிறுத்தை வரும். பாலை பழுத்துவிட்டாற் கரடி மரத்தடியை விட்டகலாது. அங்கே ஒரு பரண் கட்டினாற் போதும், அல்லது நீரோரத்தில் ஒரு குழி வெட்டினாற் போதும். துவக்குப் பிடிக்கத் தெரிந்தவன் குறி தவறவேண்டிய அவசியமே இல்லை. இது வேட்டையா, கொலையா என்ற வினா அங்கேதான் பிறக்கிறது.

இவ்வினாவைக் குடாநாட்டிலிருந்து எழுப்புவதற்கு நமக்கு நியாயமுண்டு. யானையும் கரடியும் குடாநாட்டிற் குடியிருக்கவில்லை. ஆயினும் குடாநாட்டின் பொருளாதாரம் ஒரு காலத்தில் யானையின் முதுகில் ஏறியிருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணம் யானைச் சந்தையாக விளங்கிற்று. வன்னியிற் பிடிக்கப்பட்டவை ஆனையிறவு வழியே கொண்டுவரப்பட்டன. தென்னிலங்கையிற் பிடிக்கப்பட்டவையும் நெடுந்தூரம் நடத்தியே இங்கு கொணரப்பட்டன. வங்காளத்திலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் வணிகர் வந்து வாங்கிச் சென்றனர். வன்னிமைகள் யானைகளையே திறையாகச் செலுத்தவேண்டியிருந்தது. ஒல்லாந்தக் கொமாண்டர் சுவார்டெக்குரூன் 1697இல் தமக்குப்பின் வருவோருக்காக எழுதிவைத்த குறிப்பில், வன்னியர் செலுத்தாது வைத்த யானைப் பாக்கி ஒரு பெருங்கவலையாக இடம்பெறுகிறது. பழக்கிய யானையைக் காட்டிக் காட்டியானையை அடக்கும் உபாயமும் இத்தொழிலைச் சார்ந்ததே. இரையினும் கொடியது அது; தன் இனத்தின் உருவமே அங்கு கண்ணியாகிறது. இவ்விடத்தில், கிழக்கிலும் வடகிழக்கிலும் வாழ்ந்த பணிக்கர் எனப்பெற்ற முஸ்லிம் யானை பிடிப்போரை நினையாமற் செல்ல மனமில்லை. துவக்குமின்றி இரையுமின்றி, யானையின் பின்னே கால்நடையாகச் சென்று, அதன் பின்னங்காலிற் சுருக்கிட்டு மரத்திற் கட்டியவர்கள் அவர்கள். வீரத்தைப் பற்றிப் பேசுவதாயின் அவர்களைப் பற்றியே பேசவேண்டும். இலாபமோ அவர்களைச் சேரவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் யானை வாணிபம் நலிந்தது. விற்பனைப் பொருளாயிருந்த விலங்கு, பயிரை அழிக்கும் தொல்லையாகப் பெயர் மாறிற்று. கொன்றவருக்குத் தலைக்குச் சில சிலிங் சன்மானம் வழங்கிற்று அரசாங்கம். குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனென்ற் தரும் கணக்கின்படி, 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு இச்சன்மானம் கோரப்பட்டது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென்மாகாணத்திற் கொல்லப்பட்டவை 2,000. மேஜர் றொஜர்ஸ் என்ற ஒரு தனி அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். அதனைத் தெய்வத்தின் தண்டனையாகக் கதைகட்டியவர்கள் உண்டு. நமக்கு அதில் அக்கறையில்லை. ஓர் அரச உத்தியோகத்தருக்கு 1,400 யானைகளைச் சுட ஓய்வும் வெடிமருந்தும் உரிமையும் எங்கிருந்து கிடைத்தன என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டியது.

இத்தனை அழிவும் நடந்தேறிய பின்னர்தான் நெறி பேசத் தொடங்கினர். வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கமொன்று 1894இல் இலங்கையில் அமைந்தது. அதனை முன்னின்று நடத்தியவர்களிற் பெரும்பாலோர் தோட்டத்துரைமாரும் வேட்டை விருப்பினருமாவர். நீர்த்துறையிற் பதுங்கிச் சுடுவது கனவானுக்கு அழகன்று என்பது அவ்வுலகத்தின் கொள்கை. கிராமத்தவன் இரவிற் குழியிலிருந்து மானைச் சுட்டால் அது இழிதொழில். அதே கனவான் ஆட்டுக்குட்டியைக் கட்டிவைத்து, அதன் அலறல் கேட்டு வரும் சிறுத்தையைப் பரணிலிருந்து சுட்டால் அது விளையாட்டு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளக் கடல்கடந்த நிகழ்ச்சியொன்று நமக்கு உதவும்.

1902 கார்த்திகையில் அமெரிக்க சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் மிசிசிப்பி மாநிலத்திற் கருங்கரடி வேட்டைக்குச் சென்றார். அவருக்கு வழிகாட்டியவர் ஹோல்ற் கொலியர். அடிமையாகப் பிறந்த கறுப்பின மனிதர். பேர்பெற்ற கரடி வேட்டைக்காரர். சனாதிபதி உணவுக்காகத் தங்குமிடம் சென்றிருந்த வேளை, நாய்கள் துரத்திவந்த கரடியைக் கொலியர் துவக்கின் பிடியால் அடித்து வீழ்த்தி மரத்திற் கட்டிவைத்தார். திரும்பிவந்த ரூஸ்வெல்ற், கட்டுண்ட விலங்கைச் சுடுவது நெறியன்று என மறுத்தார். பத்திரிகைகள் புகழ்ந்தன, கேலிச்சித்திரம் வந்தது, குழந்தைகள் அணைத்துறங்கும் ‘ரெடி’ கரடிப் பொம்மை அதிலிருந்து பிறந்தது. கரடி என்னவாயிற்று? அதன் வேதனையை முடிக்குமாறு சனாதிபதியே பணிக்க, அது கத்தியாற் குத்திக் கொல்லப்பட்டது. கனவானின் கௌரவம் பிழைத்தது. கரடி பிழைக்கவில்லை. நெறி என்று பேசப்பட்டது கொல்பவனின் மதிப்பைப் பற்றியதேயன்றிக் கொல்லப்படுவதன் துன்பத்தைப் பற்றியதன்று.

அந்நாட்டில் வாதம் இன்னும் ஓயவில்லை. பழைய இனிப்புப் பண்டங்களையும் கொழுப்பையும் பீப்பாயில் இட்டுவைத்து, நாள்தோறும் அங்கு தின்று பழகிய கருங்கரடியை மரத்தின் மேலிருந்து சுடும் வழக்கத்தைக் கொலராடோ மக்கள் 1992இலும், ஒறிகன் மக்கள் 1994இலும், வாஷிங்ரன் மாநில மக்கள் 1996இலும் வாக்களித்துத் தடுத்தனர். மெயின் மாநிலத்தவர் 2004இலும் 2014இலும் அத்தகைய தடையை நிராகரித்தனர். இரை வைத்துச் சுடுவோர் தரும் நியாயம் முற்றிலும் தள்ளத்தக்கதன்று: விலங்கு அருகில் அமைதியாக நிற்கும்போது குட்டியுடன் வந்ததா என்று பார்க்கலாம், ஒரே வெடியில் உயிர் போகும், காயத்தோடு ஓடி அழுகிச் சாவதில்லை. இவ்வாதத்தைக் கேட்கும்போது நாம் தடுமாறுவதுண்டு. ஆயினும், உணவூட்டிப் பழக்கிய நம்பிக்கையையே கொலைக்களமாக்குவது நெஞ்சில் முள்ளாகவே நிற்கிறது.

நமது நாட்டின் குழிவேட்டைக்காரனை உள்ளிருந்து பார்த்தவர் லெனாட் வுல்ப். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியாற்றிப் பின்னர் அம்பாந்தோட்டைக்குச் சென்றவர். காட்டுக் கிராமமொன்றைப் பற்றி 1913இல் அவர் வெளியிட்ட நாவலின் தலைமகன் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். வறட்சியில் நீர்நிலையருகே காத்துக்கிடப்பவன். கடனும் வரியும் தலைமைக்காரனின் சூழ்ச்சியும் அவனைச் சூழ்ந்து நெருக்க, ஈற்றில் அவனே வேட்டையாடப்படும் விலங்காகிறான். தாகத்தைப் பயன்படுத்தி விலங்கைக் கொல்பவனை, அவன் பசியைப் பயன்படுத்தி வேறொருவன் கொல்கிறான். ஏகாதிபத்தியத்தின் உத்தியோகத்தர் ஒருவரே இதனைக் கண்டு எழுதினார் என்பது வியப்புக்குரியது.

இவ்வளவையும் கொண்டு, காட்டுச் சட்டங்கள் யாவும் ஆளும் வர்க்கத்தின் சூதென்று முடிவுகட்டிவிடுவது நம்மவரிற் சிலருக்கு எளிதாயிருக்கிறது. நாம் அதற்கு உடன்படோம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1938இற் பிறந்த யால, வில்பத்து தேசிய வனங்களும் இல்லாதிருந்தால் இன்று கரடியைப் படத்திலேயே காட்டவேண்டியிருக்கும். இலங்கைக் கரடிகள் ஆயிரத்துக்கும் குறைவென்றே மதிப்பிடப்படுகிறது. ஏழை சுட்டாலும் செல்வன் சுட்டாலும் கரடிக்கு மரணம் ஒன்றே.

போர் 2009இல் முடிந்து மக்கள் மீண்டும் வன்னியிற் குடியேறிய பின்னர், இரை வேட்டை வேறொரு வடிவிலும் நம்முன் நிற்கிறது. வாய்வெடி என்பது அதன் பெயர். வெடிமருந்தைப் பூசணிக்காயிலோ வெள்ளரிக்காயிலோ பொதிந்து காட்டோரத்தில் வைக்கின்றனர். பன்றி கடித்தால் தாடை சிதறிச் சாகும், இறைச்சி விலையாகும். யானைக்கன்று கடித்தால் உடனே சாவதில்லை. வாய் சிதைந்து, உண்ணவும் பருகவும் மாட்டாமல், நாள்கணக்கில் அலைந்து சாகும். குழியிலிருந்த எயினன் தன் கண்முன்னே வந்ததைத்தான் கொன்றான். வாய்வெடி வைத்தவனோ வீட்டில் உறங்குகிறான்; எது வந்து கடித்தது என்று அவனுக்குத் தெரியாது. இலங்கையில் 2023இல் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. துவக்கும் மின்கம்பியும் வாய்வெடியும் அவற்றின் காரணங்களுள் அடங்கும். வறுமையைச் சொல்லி இதனை மன்னிக்க நம்மால் இயலாது. அதேவேளை, கச்சான் தோட்டத்தை ஓரிரவில் இழந்தவனுக்கு வேலியும் இழப்பீடும் காலத்திற் கிடைக்காத நாட்டில், அவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் யானைப் படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்வதும் நேர்மையாகாது.

அண்மையில் உயர்தர வகுப்பிற் புறநானூற்றின் 320ஆம் செய்யுளை நடத்தினோம். வீரைவெளியனார் பாடியது. யானை வேட்டுவன் முற்றத்து நிழலில் அயர்ந்து உறங்குகிறான். காட்டு மான்களை ஈர்ப்பதற்காக அவன் வளர்க்கும் பார்வை மான், அதாவது இரையாக வைக்கப்பட்ட பெண்மான், அங்கே நிற்கிறது. தனித்த கலைமான் ஒன்று வந்து அதனோடு கூடி விளையாடுகிறது. கண்ணி பலித்துவிட்டது, கணவனை எழுப்பினாற் போதும். மனைவி எழுப்பவில்லை. அவன் விழித்துவிடுவானோ என்றும், கலை பிணையை விட்டு நீங்கிவிடுமோ என்றும் அஞ்சி, வீட்டினுள் நடமாடாமல் நிற்கிறாள். உலரவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் கவர்ந்து தின்கின்றன. அவற்றை ஓட்டவும் அவள் அசையவில்லை. அன்றைய உணவை இழந்து அவள் அந்த மானைக் காத்தாள் என்று நாம் விளக்கினோம்.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து விடுதியிலே தங்கிப் படிக்கும் மாணவனொருவன் எழுந்தான். “சேர், அண்டைக்கு மனுசன் எழும்பேல்லை. அடுத்தநாள் அந்தக் கலை திரும்பவும் வந்திருந்தால்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தங்கள் ஊர்க் குளத்தில் சென்ற கோடையில் யானைக்கன்றொன்று வந்து நின்றதைச் சொன்னான். தாடை கிழிந்திருந்ததாம். நான்கு நாள் தண்ணீருக்குள்ளேயே நின்றதாம்.

“தண்ணிக்குள்ளைதான் சேர் நிண்டது. ஆனால் குடிக்க ஏலேல்லை.”