ஏற்காடு மலைப்பாதையில் முதலில் வந்தவர்கள்

சேர்வராயன் மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது ஏற்காடு. சேலத்திலிருந்து அங்கே செல்லும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2024 ஏப்ரல் 30 அன்று மாலை, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த தனியார் பேருந்து ஒன்று 13-ஆவது வளைவில் தடுப்புச்சுவரை இடித்துக்கொண்டு சரிந்து, 11-ஆவது வளைவுப் பகுதியில் விழுந்தது. பலர் உயிரிழந்தனர், 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

மலைச்சாலை மடிந்து மடிந்து ஏறுவதால், மேல் வளைவில் தவறும் வண்டி கீழ் வளைவின் சாலையிலேயே வந்து விழக்கூடும். அதனால் அவ்வழியே வந்த வாகனங்களில் இருந்தவர்களும் அருகிலிருந்த மக்களுமே முதலில் மீட்பில் இறங்கினர். ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் அதே குறுகலான சாலையில், தேங்கி நிற்கும் வாகனங்களைக் கடந்துதான் வரவேண்டும். காயமடைந்தோர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

கவிழ்ந்த பேருந்தை நெருங்குவது எளிதான செயலன்று. டீசல் கசியலாம், வண்டி மேலும் சரியலாம், கண்ணாடியும் கிழிந்த தகடும் கையை வெட்டும். முதுகெலும்பு முறிந்தவரைத் தவறாகத் தூக்கினால் பாதிப்பு கூடும் என்பதும் உண்மை. ஆனாலும் குருதி வெளியேறிக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரத்தில் கிடைக்கும் கைகள் அவைதாம்.

நீலகிரியிலும் இதுவே நிகழ்ந்தது. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து எரிந்தபோது, நஞ்சப்பசத்திரம் மக்கள் குடங்களில் தண்ணீரும் வீட்டுக் கம்பளிகளும் எடுத்துக்கொண்டு ஓடினர். பின்னர் இராணுவம் அவ்வூரை ஓராண்டுக்குத் தத்தெடுத்து, அம்மக்களுக்குக் கம்பளிகள் வழங்கியது.

நம் சாலைகளில் நெடுங்காலம் உதவியைத் தடுத்தது நெஞ்சுரமின்மை மட்டுமன்று. காவல் நிலையமும் நீதிமன்றமும் அலையவேண்டி வருமோ என்ற அச்சமே பெரிது. விபத்தில் சிக்கியவருக்கு முதலில் சிகிச்சை, நடைமுறைகள் பிறகே என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் கூறியது மருத்துவர்களுக்கானது. உதவுவோருக்கான பாதுகாப்பு நெறிமுறைகளை அந்நீதிமன்றம் ஏற்றுக் கட்டாயமாக்கியது 2016 மார்ச் 30 அன்றுதான். இடைவெளி 27 ஆண்டுகள்! 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ பிரிவைச் சேர்த்தது. நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்குத் தொடர இயலாது. தம் பெயரைச் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-இல் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது.