திரௌபதியின் கூந்தலும் சீதையின் கடிதமும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்றால் இன்று தொழிற்சாலைகளும் பேருந்து நெரிசலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த வட்டாரம் பழைய தொண்டை மண்டலத்தின் பகுதி; ஏட்டைவிடக் கூத்தின் வழியாகவே மகாபாரதம் மக்களிடம் போய்ச் சேர்ந்த மண். இம்மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. முடிவில் படுகளம்: களிமண்ணால் செய்த துரியோதனன் தரையில் கிடப்பான், அவன் தொடைக் குருதியைத் தடவித் திரௌபதி கூந்தலை முடிவாள். பிறகு தீமிதி.

அந்தக் கூந்தல் சபதம் வியாசருடையது அல்ல. பின்னால் வந்த நாடகங்களும் நாட்டார் மரபும் சேர்த்துக்கொண்டது. அவமானப்பட்டவள் அதை மறந்துவிட்டு எப்படி இருந்திருப்பாள் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், கதை வளர்ந்திருக்கிறது. இதிகாசத்திலிருந்து புதுக்கதை பிறப்பது இப்படித்தான். மூலம் விட்ட இடைவெளியில் ஒரு கேள்வி விழுகிறது.

ஆனால் அந்தத் திரௌபதியாக வேடம் கட்டியவர்கள் வழிவழியாக ஆண்களே. அவள் கோபத்துக்குச் சொல் தந்தவர்களும் அவர்களே. பெண்கள் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள், அழுதார்கள், நேர்ந்துகொண்டார்கள்.

கேள்வியைப் பெண்ணே கேட்டபோது கதை வேறு பக்கம் திரும்பியது. ஸ்ரீரங்கத்தில் ஆசாரமான குடும்பத்தின் மருமகளாக வாழ்ந்த குமுதினி, 1930களில் ஆனந்த விகடனில், அயோத்தியிலிருந்து சீதை தன் தாய்க்கு எழுதும் கடிதங்களைப் படைத்தார். அரண்மனைச் சீதைக்குப் புடவைக் கவலை, புகுந்த வீட்டுக் கவலை. சிரித்துக்கொண்டே படிக்கையில் வனவாசம் வந்துவிடுகிறது. புடவைக்கே இனி வேலையில்லை. அரசியலை முடிவு செய்வது யாரோ, மூட்டை கட்டுவது அவள்.

1943இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதினார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் இராமன் என்று கேட்டதும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். வலிமையான கதை, ஆனால் அவளுக்குக் கிடைத்த பதில் மௌனம்.

அம்பையின் 'அடவி' அந்த மௌனத்தைக் கடக்கிறது. 2000இல் வந்த 'காட்டில் ஒரு மான்' தொகுப்பில் உள்ள கதை அது. தொழிலை வளர்க்க உழைத்தும் பங்குதாரராக ஏற்கப்படாத செந்திரு வீட்டைவிட்டுக் காட்டுக்குப் போகிறாள். அங்கே சீதை தன் கதையைத் தானே எழுதுகிறாள். காடு தண்டனையாக இல்லை. எழுத உட்காரும் இடமாகிறது.

செந்திருவின் குறை அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் புதிதல்ல. உழைப்பு உண்டு, பெயர்ப் பலகையில் இடமில்லை. இந்தக் கதைகளைப் படிக்கும் மாணவி, சீதை நல்லவளா, திரௌபதி பொல்லாதவளா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் என்ன வேலை செய்தார்கள், அவர்களைக் கேட்காமல் எது முடிவானது என்று கேட்டாலே போதும். அங்கிருந்து அவள் தன் கதையைத் தொடங்கலாம்.