ஓலைப்பாயும் பழைய மெத்தையும்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலரும், அவரை அடுத்து ஜான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த இடம். அங்கே கிடைத்தவற்றுள் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் உண்டு. ஓடும் மணியும் நிலைப்பவை. பாயும் பஞ்சும் துணியும் ஈரமண்ணில் மக்கிப் போகின்றன. படுக்கையின் வரலாற்றை எழுத முனைபவருக்கு நேரும் முதல் சங்கடம் இதுதான். மனிதர் படுத்த பாயே எஞ்சாதபோது நாய் படுத்த பாயை எங்கே தேடுவது?

எங்கள் வீட்டுக் கிழநாயின் மெத்தையை மாற்ற வேண்டி வந்த நாட்களில்தான் இக்கேள்வி எனக்குள் எழுந்தது. விடை, அரிக்கமேட்டோடு கடல்வழி உறவு கொண்டிருந்த எகிப்தியத் துறைமுகம் ஒன்றில் இருந்தது.

செங்கடற்கரையில் உள்ள அத்துறைமுகத்தின் பெயர் பெரெனிகே. இந்திய மிளகும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மட்கல ஓடும் கிடைத்த ஊர் அது. அதன் புறநகரில், கி.பி. முதலிரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த விலங்குகளின் இடுகாடு ஒன்றை மார்த்தா ஒசிபின்ஸ்கா என்ற போலந்து ஆய்வாளர் ஆராய்ந்தார். 2021-இல் வெளியான அவரது ஆய்வு 585 விலங்குகளைப் பற்றிப் பேசுகிறது. பெரும்பாலானவை பூனைகள். நாய்களும் குரங்குகளும் சில உண்டு.

அந்த எலும்புகளுள் சில, முதுமையைக் கண்ட விலங்குகளுடையவை. பற்கள் உதிர்ந்து, மூட்டுகள் தேய்ந்த பின்னும் அவை வாழ்ந்திருக்கின்றன. பாலைவனத்து ஓரத்தில், உணவனைத்தும் வெளியிலிருந்து வரவேண்டிய ஊரில், வேட்டைக்கோ காவலுக்கோ உதவாத உயிருக்கு யாரோ நாள்தோறும் சோறிட்டிருக்கிறார்கள். எலும்புப் புற்று கண்ட பெரிய நாய் ஒன்று ஓலைப்பாயில் சுற்றப்பட்டு, மேலே சாடியின் இரு பாதிகள் கவிழ்த்து வைக்கப்பட்டு அடக்கமாகியிருக்கிறது. வறண்ட மணல் காத்துத் தந்த சான்று அது.

நம்மிடமும் நாய்க்கு நினைவுச் சின்னம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு அருகே அவனது நாய் கோவிவனும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய் அது. கல் வீரத்துக்கு உரியது. போர் ஏதும் செய்யாமல் முதுமையில் அடங்கும் நாய்க்கு உரியது பாய்தான். கல்வெட்டு பேசாத அன்பை மூட்டெலும்பு பேசுகிறது என்பதே நான் பெரெனிகேயிடம் கற்றது.

இனி வீட்டுக்கு வருவோம். புதுச்சேரிப் பழைய வீடுகளின் சிவப்புத் தரை கோடைக்குச் சுகமானது. ஆனால் சதை வற்றிய நாய்க்கு அது கொடிது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற எலும்பெடுத்த உடல்வாகு கொண்ட இனங்களுக்கு, கடுந்தரையில் கிடந்து கிடந்து முழங்கையில் தோல் காய்த்துப் போகும். சில நேரம் நீர் கோத்து வீங்கும். எங்கள் நாய்க்கு முதலில் கோணிச்சாக்கு, பிறகு இலவம்பஞ்சு மெத்தை. கடற்காற்றின் ஈரத்தில் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். வெயிலில் காயவைத்து அடித்தால் மீளும் என்றாலும் நெடுநாள் தாங்காது.

1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக, விமான இருக்கைகளை எண்ணி உருவாக்கப்பட்ட மெமரி ஃபோம் இன்று நாய்ப் படுக்கைக்கும் வந்துவிட்டது. எடையைப் பரப்பித் தாங்குவது அதன் குணம்; வெப்பத்தைப் பிடித்து வைப்பது குறை. ஆகவே சித்திரை வெயிலில் நாய் அதைவிட்டுத் தரைக்கு இறங்கினால் அதைப் பிடிவாதம் என்று கொள்ளலாகாது. கால்களை நீட்டிப் படுக்க இடம், ஏறுவதற்குத் தாழ்ந்த விளிம்பு, வழுக்காத அடிப்பாகம், கழற்றித் துவைக்கத்தக்க உறை: இவ்வளவும் வேண்டும். நாயின் முழங்கை படும் இடத்தில் உள்ளங்கையை ஊன்றி அழுத்திப் பார்க்கையில் தரை தட்டுப்பட்டால், அந்த மெத்தையின் ஆயுள் முடிந்தது.

எங்கள் மெத்தையின் ஆயுள் எப்போதோ முடிந்திருந்தது. கவனியாதது நாங்கள்தான். எழும்போது அது முனகுவதை வயதின் கணக்கில் எழுதிவந்தோம். புது மெத்தையை விரித்த அன்று அது முகர்ந்துவிட்டு, பழையது கிடந்த வெற்றிடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. பழைய உறையைத் துவைக்காமலேயே புதியதன்மேல் போர்த்திய பிறகு, மூன்றாம் நாள் ஏறிப் படுத்தது.

இந்த மெத்தையும் மக்கிப்போகும். என்றாலும் அதில் கழிந்த நாட்களை எலும்பு எங்கோ குறித்துவைத்திருக்கும்.