மலாக்கா கோட்டை

மலேசியாவின் மலாக்கா நகரில், செயின்ட் பால் குன்றைச் சுற்றிக் கடலோரமாக நின்ற கோட்டை. 1511இல் போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கினர். 1641 முதல் டச்சுக்காரர் செப்பனிட்டு விரித்தனர். 1807இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். போர்த்துக்கீசியர் வைத்த ‘ஆ ஃபமோசா’ என்ற பெயரே இன்றும் வழக்கில் உள்ளது. முழுதாக எஞ்சியது சந்தியாகு வாசல் எனப்படும் ஒரு நுழைவாயில் மட்டும். மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா என்று பேருந்து ஏறினால் பெரும்பாலும் வந்து இறங்கும் இடம் இது. வாசலுக்கு முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த வாசலின் கதையில் தமிழருக்குள்ள இடத்தை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கோட்டைக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. 1400ஐ ஒட்டிப் பரமேசுவரன் நிறுவிய மலாக்கா அரசு, பருவக்காற்று மாறும் வரை கப்பல்கள் காத்திருக்கும் துறைமுகமாக வளர்ந்தது. ஆற்றின் தென்கரையில், குன்றின்மேல் சுல்தானின் மர அரண்மனையும் அடிவாரத்தில் பள்ளிவாசலும் இருந்தன. வடகரையான உப்பேயில் வணிகர் குடியிருப்புகள். துறைமுகத்துக்குச் சாபந்தர்கள் எனப்பட்ட நான்கு துறைமுக அதிகாரிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு திசை வணிகம். சோழமண்டலக் கரையிலிருந்து துணிமூட்டைகளுடன் வந்த தமிழ் வணிகர்கள், இந்துக்களும் முஸ்லிம்களுமாக, வடகரையில் செல்வாக்கோடு வாழ்ந்தனர். சுல்தானின் கடைசிப் பெரும் பண்டகாராவான, அதாவது முதலமைச்சரான, துன் முத்தாகிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். 1510இல் சுல்தான் மகுமூதின் ஆணையால் அவர் கொல்லப்பட்டார். அரசவைப் பிளவு ஆறாதிருந்த மறு ஆண்டே போர்த்துக்கீசியத் தளபதி அஃபோன்சோ டி அல்புகர்க்கி வந்து சேர்ந்தார்.

அவரிடம் சுமார் 18 கப்பல்களும் 1,200 வீரர்களும் இருந்தனர். மலபாரிலிருந்து திரட்டிய வீரர்களும் அதில் அடக்கம். சண்டையின் உயிர்நிலை ஆற்றுப்பாலம். அரண்மனைக் கரையையும் வணிகர் கரையையும் இணைத்த அந்தப் பாலத்தைப் பிடித்தால் நகரம் இரண்டாகப் பிளந்துவிடும் என்பதை அல்புகர்க்கி அறிந்திருந்தார். சூலை இறுதியில் பாலத்தைப் பிடித்தும் நிலைகொள்ள முடியாமல் கப்பலுக்குத் திரும்பினார். ஆகசுட்டில் மீண்டும் வந்து நகரைக் கைப்பற்றினார். சுல்தான் உள்நாட்டுக்குத் தப்பிச் சென்றார்.

வெற்றிபெற்ற கையோடு கோட்டை வேலை தொடங்கியது. பள்ளிவாசலையும் அரச கல்லறைகளையும் உடைத்தெடுத்த கற்களே முதல் சுவர்களாயின. சுல்தானின் அடிமைகளாக இருந்தவர்கள் புதிய எசமானருக்காக அந்தக் கற்களைச் சுமந்தனர். ஆற்று முகத்தருகே நான்கு அடுக்குக் கோபுரம் எழுந்தது. ‘ஆ ஃபமோசா’ என்ற பெயர் முதலில் அதற்குத்தான் வழங்கியது. பின்னாளில் கோட்டை விரிந்தபோது செம்பூரான் கல்லை அருகிலிருந்த உப்பே தீவிலிருந்தும் வெட்டி எடுத்தனர். வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட இறுகிக் கடினமாகவும் மாறும் கல் அது. சந்தியாகு வாசலின் பூச்சு உதிர்ந்த இடங்களில் அதன் துளைகள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன.

இக்கட்டத்தில் வருபவர் நைனா சத்து. போர்த்துக்கீசிய ஆவணங்கள் இப்படிக் குறிக்கும் இந்த இந்து வணிகர், 1509இல் சுல்தானிடம் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உணவும் உதவியும் அளித்தவர். அதற்குக் கைம்மாறாக அல்புகர்க்கி அவரை முஸ்லிம் அல்லாத அயல்நாட்டு வணிகருக்குத் தலைவராக்கிப் பண்டகாரா பதவி தந்தார். போர்த்துக்கீசிய அரசோடு கூட்டாகக் கப்பல்கள் அனுப்பினார் அவர். கோட்டைக்குக் கல் தேவைப்பட்டதுபோல, அதைக் காத்த சிறுபடைக்குச் சோறும் சரக்கும் பணமும் தேவைப்பட்டன. அவற்றைத் திரட்டும் வழி வடகரை வணிகர் கையில் இருந்தது. 1514இல் பதவி கம்பார் அரசருக்கு மாற்றப்பட்டது. அவமானம் தாங்காமல் நைனா சத்து தீ மூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார் என்று போர்த்துக்கீசிய வரலாற்று நூல்கள் பதிந்துள்ளன. அந்நியப் படையெடுப்பாளருக்குத் துணைநின்றவர் என்று அவரைத் தள்ளிவிடுவது எளிது. ஆட்சிகள் மாறும் துறைமுகத்தில் தம் மக்களின் தொழிலைக் காக்க முயன்று, காரியம் முடிந்ததும் கைவிடப்பட்டவர் என்று பார்ப்பதே நியாயமாகப் படுகிறது.

அடுத்த நூறாண்டில் கோட்டை ஒரு சிறு கிறித்தவ நகரமானது. மாலுமி துவார்த்தே கோயல்யோ 1521இல் குன்றின்மேல் ஒரு சிற்றாலயம் கட்டினார். 1545இல் புனித பிரான்சிசு சவேரியார் மலாக்கா வந்தார். அவர் சீனக் கரையருகே இறந்தபின், 1553இல் உடல் இங்குச் சில மாதம் புதைக்கப்பட்டிருந்து கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. முத்துக்குளித்துறைப் பரதவர் தம்முடைய புனிதராக இன்றும் போற்றும் அதே சவேரியார்தான். அச்சே சுல்தானகத்தின் படைகள் 1568, 1573, 1575, 1629 ஆண்டுகளில் தாக்கிப் பார்த்தும் கோட்டை விழவில்லை. மலாக்காவில் பிறந்த வரைபடக்காரர் மனுவேல் கொதின்யோ டி எரேதியா 1613இல் எழுதிய விவரிப்பில் அதன் கொத்தளங்கள், வாசல்கள், ஆலயங்கள் எல்லாம் பதிவாகியுள்ளன. நான்கு வாசல்களில் அன்றாடம் புழங்கியவை பாலத்தருகே இருந்ததும் கிழக்கே இருந்த புனித அந்தோணியார் வாசலும்தான் என்கிறார் அவர். சந்தியாகு அந்த இரண்டில் இல்லை. ஊர் புழங்கிய முதன்மை வாசல்கள் மறைய, எஞ்சியது ஓர் ஒதுக்குப்புற வாசல். எரேதியா மதிலுக்கு வெளியே, வடகரையில், தமிழர் குடியிருப்பையும் குறிக்கிறார்.

1640 ஆகசுட்டு முதல் 1641 சனவரி 14 வரை டச்சுக்காரரும் சொகூர்ப் படையும் சேர்ந்து முற்றுகையிட்டனர். உள்ளே பஞ்சம், வெளியே காய்ச்சல். டச்சுத் தளபதிகள் இருவர் அடுத்தடுத்து நோயில் இறந்து, மூன்றாமவர் தலைமையில்தான் கோட்டை வீழ்ந்தது. கோட்டையைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் இடிந்ததைக் கட்டியது. கொத்தளங்களுக்குத் தன் நாட்டு இளவரசர், இளவரசியர் பெயர்களைச் சூட்டியது. ஆற்றோரத்தில் மிடல்பர்க் என்ற புதிய கொத்தளத்தைச் சேர்த்தது. சந்தியாகு வாசல் முகப்பில் இன்று காண்பது 1670 என்ற ஆண்டும் டச்சு நிறுவனச் சின்னமும்தான். போர்த்துக்கீசிய வாசல் என்று அதைக் காட்டும் பயணக் கையேடுகள் முழு உண்மையைச் சொல்வதில்லை: நம் கண்முன் இருப்பது டச்சு முகம் கொண்ட போர்த்துக்கீசிய வாசல்.

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருபவருக்கு இந்த வரிசை பழக்கமானது. நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரருக்குக் கைமாறின. பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை 1613இலேயே எழுந்துவிட்டது. ஆங்கிலேயர் 1781இல் நாகப்பட்டினத்தையும், 1795இல் யாழ்ப்பாணத்தையும் மலாக்காவையும் எடுத்துக்கொண்டனர். வங்கக் கடலின் இரு கரைகளிலும் ஒரே அரசியல் ஓடியது. சோழமண்டலத் துணி இல்லாமல் கிழக்கே நறுமணப் பொருள் வாங்க வழியில்லை என்பதே அதற்குக் காரணம்.

டச்சுக் காலத்தில் வடகரை தன் கோயில்களைப் பெற்றது. பொற்கொல்லர் தெருவில் 1748இல் இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல் எழுந்தது. 1781இல் டச்சு அரசு அளித்த நிலத்தில், செட்டி சமூகத் தலைவரான தெய்வநாயகம் செட்டியின் முயற்சியால் பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அமைந்தது. இன்றும் பூசை நடக்கும் மலேசிய இந்து ஆலயங்களில் மிகப் பழையதாக இது கருதப்படுகிறது. மலாக்கா செட்டிகள் அந்தப் பழைய வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், வழிபாடு சைவம், பொங்கலை ஒட்டி முன்னோருக்குப் படையல் போடும் வழக்கம் இன்னும் மாறவில்லை. காசா பெராங்கில் அவர்களுடைய குடியிருப்பும் சிறு அருங்காட்சியகமும் உள்ளன.

பிரான்சிடம் ஒல்லாந்து வீழ்ந்ததும், ஆரஞ்சு இளவரசரின் சார்பில் பாதுகாப்பதாகச் சொல்லி ஆங்கிலேயர் மலாக்காவை 1795இல் ஏற்றனர். என்றேனும் திருப்பிக் கொடுக்கவேண்டிய ஊர் என்பது அவர்களுக்குத் தெரியும். வலுவான கோட்டையோடு கொடுக்க மனமில்லை. தங்கள் பிடியிலிருந்த பினாங்கின் வணிகத்துக்கு மலாக்கா போட்டியாக இருப்பதிலும் விருப்பமில்லை. எனவே கோட்டையை இடித்து, மக்களையும் பினாங்குக்குப் பெயர்ப்பது என்று முடிவாயிற்று. ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு மலாக்காவின் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஃபார்க்குவாருக்கு வந்தது. 1807 ஆகசுட்டில் வேலை தொடங்கியது.

அந்த இடிப்பை ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டிருந்தான். 1796இல் வடகரையின் கம்போங் பாலியில் பிறந்த அப்துல்லா பின் அப்துல் காதிர், பின்னாளில் முன்ஷி அப்துல்லா, நவீன மலாய் உரைநடையின் முன்னோடி. ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த அரபு அறிஞரின் கொள்ளுப்பேரன். சிறுவயதில் தமிழ் கற்றவர். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்று அவரே எழுதுகிறார். ‘இக்காயாத் அப்துல்லா’ எனும் அவருடைய தன்வரலாறு 1849இல் அச்சானது. கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் மதில் அசையாததையும், கோட்டையில் பேய் உண்டென்று கூலிகள் அஞ்சியதையும், ஒருவழியாக வெடிமருந்து வைத்தபோது பெரும் பாறைத் துண்டுகள் எழும்பிக் கடலில் விழுந்ததையும் அதில் விவரிக்கிறார். ஊரின் அழகே போய்விட்டது என்ற ஏக்கம் அந்தப் பக்கங்களில் ததும்புகிறது. இடித்தவர்களின் அரசாங்கக் கடிதங்களில் செலவையும் உத்தியையும் காணலாம். ஊர்க்காரனின் வலியைக் காண அப்துல்லாவிடம்தான் வரவேண்டும். தமிழ்ப் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் அழுத்தமாக இடம்பெற வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

வாசலைக் காப்பாற்றியவர் அப்போது பினாங்கில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி இசுடாம்ஃபோர்டு ராஃபிள்சு என்பது பரவலான கூற்று. அவர் மலாக்காவை ஆதரித்து எழுதிய அறிக்கை 1808 அக்டோபரைச் சேர்ந்தது. அதற்குள் மதிலின் பெரும்பகுதி போய்விட்டது. அந்த அறிக்கையின் உண்மையான பயன், ஊர்மக்களைப் பெயர்க்கும் திட்டம் நின்றதே. மதில் போயிற்று, மக்கள் நின்றனர்.

1818இல் டச்சுக்காரரிடம் திரும்பிய மலாக்கா, 1824 உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயரிடமே வந்தது. மதிலற்ற ஊரின் சுற்றுப்புறம் மெல்ல மாறியது. 1896இல் தான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் விரிந்தது. சாசின், அலோர் காசா, மெர்லிமாவ் வட்டாரங்களில் பால்மரக் காடுகள் பரவ, கங்காணிகள் வழியே தமிழ்நாட்டுத் தொழிலாளர் வந்து லயங்களில் குடியேறினர். பட்டணத்துச் செட்டிகளுக்கும் தோட்டத்து மக்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகளும் மொழியும் வேறுபாடாக நின்றன. இருவரையும் ஒரே தெருவில் சேர்ப்பது திருவிழா: மாசி மகத்துக்குப் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் செங்கிலுள்ள சன்னாசிமலை ஆலயத்துக்குப் புறப்படும்போது, மாநிலத்தின் நாலாபுறத்திலிருந்தும் மக்கள் திரள்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கடல் தூர்க்கப்பட்டு, அலை தொட்ட வாசல் ஊருக்குள் போய்விட்டது. 2003இல் பேரங்காடிக் கட்டுமானத்தின்போது சந்தியாகுக் கொத்தளத்தின் அடித்தளமும், 2006இல் சுழல் கோபுரத்துக்குத் தோண்டியபோது மிடல்பர்க் கொத்தளமும் வெளிப்பட்டன. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கொத்தளத்தின் ஒரு பகுதியை மீண்டும் கட்டினர். 2008 சூலையில் மலாக்காவும் பினாங்கின் சார்ச் டவுனும் சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

மீளக்கட்டியது சரியா என்ற கேள்வி மலாக்காவுக்கு மட்டும் உரியதன்று. சப்பானில் 1873இல் மெய்சி அரசு பழைய கோட்டைகளைக் கைவிட ஆணையிட்டது. பல இடிக்கப்பட்டன, விற்கப்பட்டன. நவீன காலத்துக்கு முந்தைய தலைமைக் கோபுரங்கள் இன்று 12 மட்டுமே அங்கு எஞ்சியுள்ளன. இமெசி அவற்றில் புகழ்பெற்றது. ஒசாகா கோபுரம் 1931இலும், போரில் எரிந்த நகோயா கோபுரம் 1959இலும் காங்கிரீட்டில் எழுந்தவை. பயணிகள் இரு வகையையும் பார்க்கிறார்கள். எது பழையது, எது புதியது என்று அறிந்து பார்ப்பவருக்கே பயன். மிடல்பர்க் கொத்தளத்தையும், குன்றடியில் 1980களில் மரத்தால் எழுப்பிய சுல்தான் அரண்மனை மாதிரியையும் அந்த அறிவோடு அணுகினால் குறையில்லை.

கோட்டையை முழுமையாகப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். வெயில் ஏறுமுன் தொடங்குவது நல்லது. சந்தியாகு வாசலின் பின்படிகளில் ஏறினால் கூரையற்ற செயின்ட் பால் ஆலயம். சுவரில் சாய்த்து நிறுத்திய டச்சுக் கல்லறைப் பலகைகள். வெளியே வலக்கை இழந்த சவேரியார் சிலை. மறுபுறம் இறங்கினால் செந்நிற டச்சு மாளிகை, அதைத் தாண்டி மிடல்பர்க் கொத்தளம், பிறகு ஆற்றுப்பாலம். பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் இங்கிருந்தே கடைத்தெருவுக்குத் திரும்பிவிடுகின்றன. 1511இல் சண்டை நடந்த ஆற்றுக் கடவு இதுவே என்பதை நினைவில் கொண்டு பாலத்தைக் கடக்கவேண்டும். அக்கரையில் சில நிமிட நடையில் பொற்கொல்லர் தெரு: சீனர் கோயில், பள்ளிவாசல், பொய்யாத விநாயகர். செயின்ட் சான் குன்றில் டச்சுக்காரரின் மற்றொரு சிறு கோட்டை உள்ளது. அதன் பீரங்கிகள் கடலைப் பார்க்காமல் உள்நாட்டை நோக்கியே நிற்கின்றன. உள்நாட்டுப் பக்கமிருந்து வரக்கூடிய தாக்குதலை எண்ணி அப்படி வைத்தார்கள்.